ஆளுக்குப் பாதி புதிர்: இருவர் சேர்ந்து ஆடும் புதிர் கேம்களுக்கு ஓர் அறிமுகம்

பூட்டிய அறை ஒன்றில் நிற்கிறீர்கள். எதிரே நான்கு லீவர்கள். எந்த வரிசையில் இழுப்பது என்பதற்கு உங்கள் அறையில் ஒரு துப்பும் இல்லை. உங்கள் நண்பர் வேறோர் அறையில் இருக்கிறார். அவர் முன்னால் உள்ள சுவரில் நான்கு ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இழுப்பதற்கு அங்கே எதுவும் கிடையாது. விடை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதியாகக் கிடக்கிறது. இரண்டு பாதியையும் ஒட்டவைக்கும் பசை பேச்சுதான். கோ-ஆப், அதாவது இருவர் சேர்ந்து ஆடும், புதிர் கேம் என்றால் இதுதான்.

இருவர் சேர்ந்து எதிரிகளைச் சுடும் கேம்களும் கோ-ஆப் வகைதான். ஆனால் அங்கே இரண்டாவது ஆள் கூடுதல் பலம். அவர் இல்லாவிட்டால் ஆட்டம் கொஞ்சம் கஷ்டமாகும், அவ்வளவே. புதிர் கேமில் அவர் பூட்டின் ஒரு பாகம். அவர் இல்லாமல் கதவு திறக்காது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான்: தனியாக ஆடிய பழக்கத்தில் புதிரைத் தலைக்குள்ளேயே போட்டுத் தீர்க்கப் பார்க்கிறார்கள். வேண்டிய தகவலில் பாதி இன்னொருவர் கண்ணில் இருப்பது மறந்துவிடுகிறது. கூர்மையான மூளையைவிட, கண்ணில் படுவதை அப்படியே வாய்க்குக் கொண்டுவரும் பழக்கம்தான் இங்கே அதிகம் கைகொடுக்கும்.

எதைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலான கேம்கள் மூன்றில் ஒன்றைப் பிரித்துவைக்கின்றன: தகவல், திறன், அல்லது நிற்கும் இடம். எது பிரிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டால், எப்படி ஆடுவது என்பதில் பாதி புரிந்த மாதிரி.

தகவலைப் பிரிக்கும் கேம்களில் பெயர்பெற்றது 2015-இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. ஒருவர் திரையில் ஒரு வெடிகுண்டைப் பார்க்கிறார். மற்றவர் கையில் அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு. குண்டுக்காரர் கையேட்டைப் பார்க்கக்கூடாது, கையேட்டுக்காரர் திரையைப் பார்க்கக்கூடாது. 2017-இல் தொடங்கிய 'வி வேர் ஹியர்' வரிசையில் இருவரும் ஒரு கோட்டைக்குள் தனித்தனியாக மாட்டிக்கொள்வார்கள். இணைப்பு ஒரு வாக்கி-டாக்கி மட்டும். 2022-இல் வந்த 'தி பாஸ்ட் விதின்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவர் கடந்த காலத்தில், மற்றவர் எதிர்காலத்தில். இரண்டு கருவிகளுக்கும் நடுவே இன்டர்நெட் இணைப்புகூட இல்லை. இரண்டு உலகத்தையும் சேர்ப்பது உங்கள் குரல் மட்டும்தான்.

திறனைப் பிரிப்பதற்கு 2021-இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' நல்ல உதாரணம். தொடக்க அத்தியாயத்திலேயே கோடி என்ற பாத்திரத்துக்கு ஆணிகள் கிடைக்கும், மே என்ற பாத்திரத்துக்குச் சுத்தியல் தலை கிடைக்கும். கோடி சுவரில் ஆணியை எறிந்து பதித்தால்தான் மே அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சல் ஆடி அப்பால் தாண்ட முடியும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கருவிகள் மாறும். ஒருவர் கருவி இன்னொருவருக்கு வழிவிடுவது மாறாது.

மூன்றாவது வகையில் இருவருக்கும் ஒரே திறன், ஒரே தகவல். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஆள் வேண்டும். 2011-இல் வந்த 'போர்ட்டல் 2'-இன் கோ-ஆப் பகுதி இந்த ரகம். அட்லஸ், பி-பாடி என்று இரண்டு ரோபோக்கள். சுவரில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு ஜோடி வாசல், ஆக மொத்தம் நான்கு. ஒரு வாசலில் நுழைந்தால் அதன் ஜோடி வழியாக வெளியே வரலாம். உங்கள் ஜோடி உங்களுக்குள் மட்டுமே இணையும், நண்பருடையதோடு சேராது. ஆனால் யார் வாசலுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். இது பிடிபடாமல் முதல் ஒரு மணி நேரம் திணறுகிறவர்கள் நிறைய.

உட்காரும் முன்

ஒரே திரையா, இரண்டு திரையா என்பதை முதலில் பாருங்கள். 'இட் டேக்ஸ் டூ' திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும், பக்கத்தில் உட்கார்ந்தே ஆடலாம். தகவலைப் பிரிக்கும் கேம்களில் எட்டிப் பார்த்தால் ஆட்டமே போய்விடும். ஒரே அறையில் இருந்தால் முதுகுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

ஒரு பிரதி போதுமா, இரண்டு வாங்க வேண்டுமா என்பது கேமுக்குக் கேம் வேறு. 'கீப் டாக்கிங்'குக்கு ஒன்று போதும். கையேட்டை இணையத்தில் இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். 'இட் டேக்ஸ் டூ'வில் ஒருவர் வாங்கினால் நண்பர் 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்' மூலம் இலவசமாகச் சேரலாம். 'தி பாஸ்ட் விதின்' இருவரிடமும் இருக்க வேண்டும். 'வி வேர் ஹியர்' வரிசையும் அப்படியே, ஆனால் அதன் முதல் கேம் இலவசம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 'ரிமோட் பிளே டுகெதர்' என்ற வசதியில், ஒரே திரையில் ஆடும் கேமைத் தொலைவில் உள்ள நண்பரோடும் ஆடலாம். வாங்கியவர் கணினியிலிருந்து படம் வீடியோவாகப் போகிறது என்பதால், இங்கே முக்கியம் அவருடைய அப்லோடு வேகம். டவுன்லோடு எவ்வளவு வேகமாக இருந்தாலும் அப்லோடு மந்தமென்றால் நண்பர் திரை கலங்கும், அவர் அழுத்தும் பட்டனும் தாமதமாகவே வேலை செய்யும்.

இரண்டு பேருக்கும் ஹெட்செட் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் கேம் சத்தமும் நண்பரின் குரலும் மைக்கில் திரும்ப நுழைந்து, அவர் பேசியது அவருக்கே எதிரொலிக்கும். ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள். இன்டர்நெட் வழி ஆடும்போது முன்னேற்றம் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கி நண்பரை அழைத்தவரிடம்தான் சேமிக்கப்படும், அதனால் ஒவ்வொரு முறையும் அவரே தொடங்குவது நல்லது.

கண்ட்ரோலரே பிடித்துப் பழகாத நண்பர் என்றால் 'போர்ட்டல் 2'-இல் தொடங்காதீர்கள். ஒரு கட்டைவிரலால் நடப்பது, இன்னொன்றால் தலையைத் திருப்புவது, இரண்டையும் கை கற்றுக்கொள்வதற்குள் புதிர் மீதே வெறுப்பு வந்துவிடும். குண்டுக் கையேட்டை அவரிடம் கொடுங்கள். அதற்குக் கைவேகமே வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும்.

பேச்சுதான் கருவி

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் ஆட ஆடத் தானே வந்துவிடும்.

'கீப் டாக்கிங்'கில் மிக எளிய பகுதி ஒயர்கள். சில ஒயர்கள் இருக்கும், சரியான ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும். நன்றாக ஆடும் இருவர் இப்படிப் பேசுவார்கள்:

"ஒயர். மொத்தம் நாலு. மேலேர்ந்து கீழே: சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள்."
"சீரியல் நம்பர்ல கடைசி எண்?"
"மூணு."
"ஒற்றைப்படை. கடைசி சிவப்பை வெட்டு. மேலேர்ந்து மூணாவது."
"மேலேர்ந்து மூணாவது, சிவப்பு. வெட்டறேன்."

இதில் நான்கு விஷயம் நடந்திருக்கிறது. குண்டுக்காரர் முதலில் இது என்ன பகுதி என்று சொன்னார், அதனால் கையேட்டுக்காரர் சரியான பக்கத்துக்குப் போனார். பிறகு எண்ணிக்கை; கையேட்டின் விதிகள் ஒயர் எண்ணிக்கைப்படிதான் பிரிந்திருக்கின்றன. பிறகு எந்தத் திசையில் எண்ணுகிறோம் என்பது. கடைசியாக, கேட்டதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் வெட்டினார். அந்தத் திரும்பச் சொல்லுதலுக்கு இரண்டு விநாடி ஆகும். ஆனால் தவறாக வெட்டினால் ஒரு ஸ்ட்ரைக் விழும், அதன்பின் கடிகாரம் வேகமெடுக்கும். ஸ்ட்ரைக் காட்டும் விளக்கு உள்ள குண்டு மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வெடிக்கும். அந்த விளக்கே இல்லாத குண்டு முதல் தவறிலேயே வெடிக்கும்.

அதே நான்கு ஒயருக்கு சீரியல் நம்பர் இரட்டைப்படையில் முடிந்திருந்தால்? முதல் விதி பொருந்தாது. அடுத்த விதி, கடைசி ஒயர் மஞ்சளாக இருந்து சிவப்பே இல்லாதபோது; இங்கே சிவப்பு இருக்கிறது, அதுவும் போச்சு. அடுத்தது, நீலம் சரியாக ஒன்றே ஒன்று இருந்தால் முதல் ஒயர். பொருந்துகிறது. ஒரே ஓர் எண்ணால் விடை மூன்றாவது ஒயரிலிருந்து முதல் ஒயருக்குத் தாவிவிட்டது. அதனால் "சிவப்பு ரெண்டு இருக்கு, எதை வெட்ட?" என்று அரைகுறையாகச் சொல்லி அவசரப்படுத்துவதில் பயனில்லை. கையேட்டுக்காரர் விதிகளை மேலிருந்து கீழாகத்தான் படிக்க வேண்டும், பொருந்தும் முதல் விதியோடு நிறுத்த வேண்டும்.

ஸ்ட்ரைக் விழுவது பெரும்பாலும் சில சொற்களால்தான். "அது", "இது", "அங்க இருக்குல்ல", "அந்தப் பக்கம்" எல்லாம் நேரில் விரலை நீட்டிப் பேசும்போது சரி. நீட்டிய விரல் தெரியாத இடத்தில் அவற்றுக்குப் பொருளே இல்லை. "முன்னாடி" என்ற சொல் நம் பேச்சில் இடத்தையும் காலத்தையும் குறிக்கும். "முன்னாடி இருந்த பட்டன்" என்றால் எதிரே உள்ளதா, சற்று முன் அழுத்தியதா? "எனக்கு எதிரே", "இதுக்கு முந்தின அறையில" என்று பிரித்துச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

நிறத்தில் ஒரு பெரிய கண்ணி 'ஊதா'. சிலர் நீலத்தையே ஊதா என்பார்கள், சிலருக்கு அது கத்தரிப்பூ நிறம். 'போர்ட்டல் 2'-இல் அட்லஸின் இரண்டு வாசல்களுமே நீலமும் கத்தரிப்பூ நிறமும்தான். "ஊதாவுக்குள்ள குதி" என்றால் எதற்குள்? ஆட்டம் தொடங்கும் முன்பே 'நீலம்', 'கத்தரிப்பூ' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இருவரில் யாருக்காவது நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் இருந்தால் அமைப்புகளில் அதற்கான வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறத்தை விட்டுவிட்டு இடத்தையும் எண்ணையும் வைத்துப் பேசுங்கள்.

இடது, வலது என்பதிலும் கவனம் வேண்டும். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடதும் வலதும் மாறிப்போகும். இருவருக்கும் பொதுவான ஒரு நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "உள்ளே வந்த கதவுக்கு முதுகைக் காட்டி நின்னா, இடது கை பக்கம்." ஒருமுறை சொல்லிவைத்தால் அந்த அறை முழுக்க அதுவே போதும்.

பெயர் தெரியாத குறிகள் வரும்போது, எதைப் போல இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் கோடுகளையும் சொல்ல வேண்டும். அதே குண்டுக் கையேட்டில் நட்சத்திரம் இரண்டு உண்டு: ஒன்று உள்ளே நிரப்பியது, ஒன்று வெறும் கோடு. நடுவில் புள்ளி வைத்த அரைவட்டமும் இரண்டு: ஒன்றின் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும், இன்னொன்றின் வாய் இடப்பக்கம். "நட்சத்திரம் கிடைச்சுது" என்று நண்பர் பாய்ந்தால், உள்ளே நிரம்பியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

ஆங்கில எழுத்துகளில் பி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே ஒலியில் முடிவதால் மைக்கில் ஒன்று போலக் கேட்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். எண்களை ஆங்கிலத்தில் சொன்னால் ஃபைவும் நைனும் குழம்பும். தமிழில் ஐந்து, ஒன்பது என்றால் அந்தச் சிக்கல் இல்லை. சொற்களைச் சொல்லும்போது எழுத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வது நல்ல பாதுகாப்பு. குண்டில் 'யுவர்' என்று ஒலிக்கும் சொல் வந்தால், "ஒய், ஓ, யூ, ஆர். நாலு எழுத்து, நடுவுல குறி எதுவும் இல்ல" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே ஒலியில் மேற்குறியோடு இன்னொரு சொல் காத்திருக்கிறது.

'வி வேர் ஹியர்' வாக்கி-டாக்கியில் இன்னொரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும். பொத்தானைப் பிடித்தபடியே யோசித்தால் நண்பர் சொல்ல வருவது உங்களுக்கு எட்டாது. பேசி முடித்ததும் விரலை எடுத்துவிடுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று

இருவரும் ஒரே நொடியில் அழுத்த வேண்டிய பட்டன்கள் பல கேம்களில் வரும். முதல் முறை கட்டாயம் சொதப்பும், காரணமும் ஒன்றேதான்: ஒருவர் "மூணு" என்று சொல்லும்போதே அழுத்துவார், மற்றவர் "மூணு" முடிந்தபின் அழுத்துவார். "மூணு சொல்றப்பவே அழுத்தணும்" என்று முன்கூட்டியே பேசிவிட்டால் தீர்ந்தது.

இன்டர்நெட்டில் இதோடு தாமதமும் சேர்கிறது. நீங்கள் சொன்ன "மூணு" நண்பரின் காதை எட்ட ஒரு நொடியின் சிறு பகுதி ஆகும். அவர் அழுத்தியது உங்கள் திரையில் தெரிய இன்னொரு சிறு பகுதி. உங்கள் கண்ணுக்கு அவர் எப்போதும் தாமதமாக அழுத்துவது போலவே தெரியும். அவரோ சரியாகத்தான் அழுத்தினேன் என்பார். இரண்டும் உண்மைதான், சண்டைபோட ஒன்றுமில்லை. குரலை விட்டுவிட்டுத் திரையில் தெரியும் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஓடும் தட்டு ஒரு கம்பத்தைக் கடக்கும் கணம், விளக்கு அணையும் கணம். 'போர்ட்டல் 2'-இல் இருவர் திரையிலும் ஓடும் டைமர் ஒன்றே இருக்கிறது. இடத்தைச் சுட்டிக் காட்ட உதவும் பிங் கருவியின் மெனுவிலேயே கிடைக்கும்.

புதிர் கேம் செய்கிறவர்கள் இத்தகைய இடங்களில் கொஞ்சம் நேரம் தாராளமாகவே விட்டுவைப்பார்கள். ஏழெட்டு முறை மயிரிழையில் தவறினால் கைவேகத்தைச் சந்தேகிக்காதீர்கள். யோசனையே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

'போர்ட்டல் 2'-இன் வாசல்களோடு ஆடும்போது வரும் இன்னொரு விபத்தையும் சொல்ல வேண்டும். ஒளிப்பாலம் ஒன்று உங்கள் வாசல் வழியாகப் போய்ப் பள்ளத்தின் மேல் நீள்கிறது. அதன்மேல் நண்பர் நடக்கிறார். அடுத்த யோசனை வந்த உற்சாகத்தில் நீங்கள் வாசலை வேறு சுவருக்கு மாற்றினால் பாலம் மறைந்து அவர் கீழே போவார். ரோபோ உடனே மீண்டும் வந்துவிடும், பெரிய இழப்பில்லை. ஆனால் நண்பரின் பொறுமை அப்படி மீண்டும் மீண்டும் வராது. "மாத்தவா?" என்று கேட்டு, "சரி" என்று காதில் விழுந்த பிறகு மாற்றுங்கள். இதேபோல், மினுமினுக்கும் தடுப்புத் திரையைக் கடந்து நடந்தால் நீங்கள் வைத்த வாசல்கள் அழிந்துவிடும். நண்பர் அவற்றை நம்பி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டால்

பத்து நிமிடமாக எதுவும் நகரவில்லை என்றால் இருவரும் கையை எடுத்துவிடுங்கள். ஒருவர் தன் அறையில் தொடக்கூடியது, திறக்கக்கூடியது, எழுதியிருப்பது எல்லாவற்றையும் வாய்விட்டுப் பட்டியலிட வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். பிறகு முறை மாறுங்கள். எழுதி முடித்ததும் இதுவரை பயன்படாத பொருள் எது என்று பாருங்கள். நல்ல புதிர் அறையில் வீணாக வைத்த பொருள் அரிது. பயன்படாத பொருள்தான் பெரும்பாலும் விட்டுப்போன துப்பு.

இன்னொரு சோதனை: நீங்கள் யோசித்து வைத்திருக்கும் வழியில் இருவரில் ஒருவர் சும்மா நிற்கிறாரா? அப்படியானால் அந்த வழி அநேகமாகத் தவறு. இருவருக்கும் வேலை வைக்கத்தானே அந்த அறையையே கட்டியிருக்கிறார்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஒரே சுவரைப் பார்த்த கண்ணுக்கு அது பழகிவிடும், மூலையில் உள்ள கோடு தெரியாது. புதுக் கண்ணுக்குத் தெரியும். கதாபாத்திரங்கள் இடம் மாற முடியாத கேம் என்றால், ஒருவர் பார்ப்பதை மற்றவர் தாளில் வரைந்து, வரைந்ததை அவரிடமே விவரித்துச் சரிபாருங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் சிக்கல். இணையத்தில் குறிப்பு தேடுவது கடைசி வழி. தேடுவதானால் ஒருவர் மட்டும் ஒரு வரி படித்து, அதை விடையாகச் சொல்லாமல் கேள்வியாக மாற்றிக் கேட்கலாம்: "உன் அறையில கூரையைப் பாத்தியா?"

ஏற்கெனவே ஆடி முடித்தவரோடு புதியவர் சேரும்போது வேறொரு தொல்லை வரும். தெரிந்தவரே இழுத்துக்கொண்டு போவார். புதியவர் சொன்ன பட்டனை அழுத்தும் கையாக மாறிவிடுவார். தெரிந்தவர் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: கேட்டதற்கு மட்டும் பதில். நண்பர் தவறான வழியில் ஐந்து நிமிடம் போனாலும் போகட்டும். "ஓ!" என்று அவர் வாயிலிருந்து தானாக வரும் அந்தச் சத்தத்தை அவரிடமிருந்து பறித்துவிடக்கூடாது.

முதல் நாள் ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் ஆடுங்கள். அதற்குமேல் பேச்சு குட்டையாகும், "அது", "இது" எல்லாம் திரும்ப வந்துவிடும். நிறுத்தும் இடத்தில் எந்த அறை, எது பயன்பட்டது, எது மிச்சம் என்று தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை குண்டைப் பார்த்தவரிடம் கையேட்டைக் கொடுங்கள். அரைகுறையாகச் சொன்னால் கேட்கிறவர் என்ன பாடுபடுகிறார் என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும்.